ரிசர்வேஷன் போட்டா பூட்டுப் போட்டதா அர்த்தமா?

"ரௌட்டர்ல டிஹெச்சிபி ரிசர்வேஷன் போட்டாச்சு சார், இனி யாரும் ஐபியை மாத்த முடியாது." இன்னும் எத்தனை வருஷத்துக்குத்தான் இதையே சொல்லுவீங்க? டிஹெச்சிபிங்கிறது ஒவ்வொரு மெஷினுக்கும் ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி, கொடுக்கிற ஏற்பாடு. அதுல ரிசர்வேஷன்கிறது கேட்டு வர்றவனுக்கு எடுத்து வெச்ச சீட்டு. கேக்காமலே வந்து உக்கார்றவனை அது என்ன பண்ணும்? கேமரா மாட்ட வர்றவர் டிவிஆருக்கு (கேமரா பதிவுப் பெட்டி) 192.168.1.1-ன்னு கையால போட்டுட்டுப் போயிடுவார். அது கேட்வே ஐபி, எல்லாரும் வெளிய போற ரௌட்டரோட முகவரி! பிசியில எந்த ஐபி எந்த மெஷின்னு காட்டுற ஏஆர்பி டேபிளைத் திறந்தா இப்போ ரௌட்டரோட மேக் (மெஷினோட வன்பொருள் முகவரி), கொஞ்ச நேரத்துல டிவிஆரோட மேக். மாடி முழுக்க "நெட் வருது, போகுது"ன்னு ஒரே கூச்சல். திட்டு வாங்குறது மட்டும் நெட் கனெக்சன் கொடுக்கிற ஐஎஸ்பிக்காரன்.

இத்தனைக்கும் ரேக்குல சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்ச் உக்காந்திருக்கு. அதுல டிஹெச்சிபி பேச்சை ஒட்டுக் கேக்கிற டிஹெச்சிபி ஸ்னூப்பிங் போட்டா எந்த போர்ட்டுல எந்த மேக், எந்த ஐபின்னு பைண்டிங் டேபிள் தானா சேரும். டேபிள்ல இல்லாத ஐபியில வர்ற டிராஃபிக்கை ஐபி சோர்ஸ் கார்டு போர்ட்டுலயே வெட்டிடும். ஆனா அது ஏஆர்பியைத் தொடாது. "நான்தான் 1.1"னு டிவிஆர் ஏஆர்பியில கத்துறதை அந்த டேபிளோட ஒத்துப் பாத்து அடக்க டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்‌ஷனும் வேணும். இது தெரியாம பாதியில நிறுத்துறவங்கதான் அதிகம்.

அடுத்த கூத்து, வரிசை. பட்டப்பகல்ல எல்லா போர்ட்டுலயும் ஐபி சோர்ஸ் கார்டை ஆன் பண்ற 'ஐபி வெரிஃபை சோர்ஸ்' கட்டளையை அடிச்சா, டேபிள் இன்னும் காலி, அதனால ஆபீஸும் காலி. முதல்ல ஸ்னூப்பிங், விஎல்ஏனுக்கும் (ஸ்விட்ச்சுக்குள்ள பிரிச்ச தனி நெட்வொர்க்) அதைத் தனியா ஆன் பண்ணணும். டிஹெச்சிபி சர்வர் பக்கம் போற அப்லிங்க் போர்ட்டுக்கு டிரஸ்ட், அதாவது 'இதை நம்பலாம்'ங்கிற குறி, இல்லேன்னா சர்வரோட பதிலையே ஸ்விட்ச் தின்னுடும். சிஸ்கோ ரௌட்டரே டிஹெச்சிபி சர்வர்னா, எந்த போர்ட்டுல இருந்து கேட்டதுன்னு ஸ்விட்ச் ஒட்டி அனுப்புற 82-ஆம் ஆப்ஷனைப் பாத்து பாக்கெட்டைத் தூக்கிப் போடும். அந்த ஆப்ஷனை நிறுத்துங்க. டேபிள் நிரம்பட்டும். கையால சரியான ஐபி போட்ட பிரிண்டர், டிவிஆரை டேபிள்ல கையாலயே சேர்க்கிற 'ஐபி சோர்ஸ் பைண்டிங்' எழுதுங்க. இன்ஸ்பெக்‌ஷனுக்கும் அப்லிங்க்ல தனி டிரஸ்ட் உண்டு. அப்புறம் பூட்டுங்க.

இவ்வளவும் ஒழுங்கா பண்ணிட்டு, டேபிளை ஃபிளாஷ்ல சேமிக்கிற 'ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் டேட்டாபேஸ்' வரியை விட்டுடுவாங்க! ஸ்விட்ச் ரீபூட் ஆனா டேபிள் போச்சு. மேஜைக்கு அடியில 5 போர்ட் குட்டி ஸ்விட்ச்சுக்குப் பின்னாடி இருக்கிற பிசிக்கு லிங்க் அறுபடவே இல்லை, அதனால அது திரும்ப ஐபி கேக்காது. லீஸ் (ஐபியை வெச்சுக்கக் கொடுத்த கெடு) உயிரோடதான் இருக்குன்னு அது பாட்டுக்கு இருக்கும். 8 நாள் லீஸ்னா பாதியிலதான், அதாவது 4-ஆம் நாள்தான், புதுப்பிக்கவே கேக்கும். அதுவரைக்கும் அந்த பிசி செத்த மாதிரிதான். ஒரு வரியை அடிக்காம விட்டுட்டு, "இந்த ஃபீச்சரே தண்டம், ஆஃப் பண்ணிடுங்க"ன்னு சொல்றாங்க பாருங்க!