படிப்பு முன்முடிவைப் போக்கிவிடுமா?
‘உணர்ச்சிவசப்பட்டு வாக்களிப்பவர்கள் படிக்காதவர்களே, கல்வி பெருகினால் முன்முடிவு தானே மறையும்’ என்று சிலர் சொல்வது சரியல்ல. டான் கஹானும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ஒரே எண்களைக் கொண்ட அட்டவணையைச் சிலருக்குத் தோல் களிம்பின் பலன் என்றும், சிலருக்குத் துப்பாக்கித் தடையின் விளைவு என்றும் சொல்லிக் காட்டினார்கள். களிம்பு என்றபோது கணக்கில் தேர்ந்தவர்களே சரியான விடையை அதிகம் கண்டார்கள். துப்பாக்கி என்றதும், தம் அரசியல் சார்புக்கு ஒவ்வாத விடையை அவர்களிலும் பலர் தவறவிட்டார்கள், அதோடு எதிரெதிர் அரசியல் சார்புடைய இரு தரப்புக்கும் இடையிலான பிளவு கணக்கறிவு மிகுந்தவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. அறிவு அங்கே முன்முடிவுக்காக வாதாடியது என்றே நான் கொள்கிறேன். உணர்ச்சி முழுவதையும் பழிப்பதும் பொருந்தாது: கோபம் பழைய சார்பை இறுக்கக்கூடும், ஆனால் பதற்றம் வாக்காளரைப் புதிய தகவலைத் தேட வைப்பதும் உண்டு.