பிலிப்பியர் 4:13 வெற்றிக்கான வாக்குறுதியா?

அண்ணாச்சி, ‘எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்ற பிலிப்பியர் 4:13 வசனம், விசுவாசிக்குத் தேர்விலும் தொழிலிலும் வெற்றி நிச்சயம் என்று சொல்வதாக உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். நம்ம பாளையங்கோட்டைப் பக்கம் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் பிலிப்பி ஊர்ச் சபைக்கு இந்தக் கடிதத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் அங்கே பேசுவது வெற்றியைப் பற்றியல்ல.

வீட்டிலிருக்கும் வேதாகமத்தில் 11, 12 வசனங்களிலிருந்து வாசித்துப் பாருங்கள். எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்க, அதாவது மனநிறைவோடு இருக்க, கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். வாழ்ந்திருக்கவும் தெரியும், தாழ்ந்திருக்கவும் தெரியும், பட்டினியும் பழகியது என்கிறார். அந்தப் பெலன்தான் 13-ல் வருகிறது. அப்புறம் 1:13-ஐயும் பாருங்கள், இதைக் காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார்.

தேர்வில் தோற்ற பிள்ளையிடம் ‘உனக்கு விசுவாசம் போதவில்லை’ என்று சொல்ல இந்த வசனத்தை எடுக்காதீர்கள், தயவுசெய்து.