எல்லாமே கேரியா, அண்ணே?

மன்னார்குடியில் சாயங்காலம் பாஸ்கெட்பால் ஆடப் போனால் எனக்குத் தொல்லை ஒரே ஒரு சொல்லால்தான்: கேரி. பந்தைத் தட்டாமல் கையில் ஏந்திக்கொண்டு போகும் தப்புக்கு அந்தப் பெயர். பந்து இடுப்புக்கு மேல் எழும்பினாலே போதும், எதிரணி அண்ணன் ஒருவர் கையைத் தூக்கிவிடுவார். "தம்பி, கேரி!"

உயரத்துக்கும் கேரிக்கும் என்ன சம்பந்தம்? பந்து தோள் வரைகூட எழும்பட்டுமே. கை மேலே பட்டுத் தட்டினால் அது ஒழுங்கான டிரிபிள்தான், அதாவது பந்தைத் தரையில் தட்டித் தட்டிக் கொண்டுபோவது. பந்துக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, தாம்பாளம் ஏந்துவது போல ஏந்தி நகர்த்தினாலோ, நிறுத்திவிட்டு மறுபடி தட்டினாலோதான் தப்பு. பந்து கையில் தங்கியதும் டிரிபிள் முடிந்தது. அப்புறம் பாஸ் செய்யலாம், ஷூட் பண்ணலாம், திரும்பத் தட்டக் கூடாது. சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளில் 24-ஆம் பிரிவில் இதெல்லாம் இருக்கிறது. சரி, தப்பே என்றாலும் அது ஃபவுல் கிடையாது, பந்து எதிரணிக்குப் போகும், அவ்வளவுதான். இவர் என்னவோ கொலைக்கேஸ் மாதிரி கத்துகிறார்.

நேற்று அவரே கிராஸ் ஓவர் (பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தட்டி மாற்றுவது) போடுகிறேன் என்று பந்தை ஏந்தி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோனார். மழை பெய்த தரை. பந்தில் அப்பியிருந்த வண்டல் முழுக்க அவர் உள்ளங்கையில். காட்டினேன்.

"அது என் ஸ்டைல்டா தம்பி" என்கிறார்.