மாப்பிள்ளை கையில் துடுப்பு

(குறுக்குத்துறை படித்துறை, காலை நேரம். அண்ணாச்சி குளித்துவிட்டுத் துண்டைப் பிழிகிறார். சிகாகோவில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பிய வாத்தியார் படியிறங்குகிறார்.)

அண்ணாச்சி: வாரும் வாத்தியாரே! அமெரிக்காவில் படகெல்லாம் ஓட்டினீராமே?

வாத்தியார்: பெரிய படகில்லை அண்ணாச்சி, கயாக் என்கிற ஒடுக்கமான குட்டிப் படகு. வாடகைக்கு எடுத்தோம்.

அண்ணாச்சி: ஓட்டுகிற ஆளுக்கும் சேர்த்தா வாடகை?

வாத்தியார்: ஆள் ஏது? நாமேதான் துடுப்புப் போடணும்.

அண்ணாச்சி: காசையும் கொடுத்து வேலையையும் பார்த்தீராக்கும்! இப்படி ஆள் கிடைத்தால் இன்றைக்கே நான் கடை போட்டுவிடுவேன் வே.

வாத்தியார்: ஏறுமுன் ஒரு தாளில் கையெழுத்து வேறு வாங்கினார்கள்.

அண்ணாச்சி: என்ன எழுதியிருந்தது?

வாத்தியார்: நனைந்துவிடும் என்று கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். "செத்தால் கம்பெனி பொறுப்பில்லை, அவ்வளவுதான் மாமா" என்றார் மாப்பிள்ளை.

அண்ணாச்சி: மாப்பிள்ளை வாயால் அதைக் கேட்டுவிட்டுமா ஏறினீர்? சரி, ஏரியில் எவ்வளவு தூரம் போனீர்?

வாத்தியார்: ஏரியிலா? மிச்சிகன் ஏரி சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் கம்மி! மறுகரை தெரியாது, அலை வேறு அடிக்குது. ஊருக்குள் ஓடும் ஆற்றுக்குத்தான் போனோம். அதுவும் முன்னே ஏரியில் கலந்த ஆறுதான். குடிக்கிற தண்ணீரில் சாக்கடை சேருது என்று கால்வாய் வெட்டி, 1900-இல் ஆற்றையே எதிர்த்திசையில் திருப்பிவிட்டார்கள்.

அண்ணாச்சி: சாக்கடையை விட்டுவிட்டு ஆற்றைத் திருப்பினானாக்கும்! நம்மூரில் யார் காதிலும் போட்டுவிடாதீரும். தாமிரபரணியைப் பாபநாசத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவான்.

வாத்தியார்: ரெண்டு பேர் உட்காரும் கயாக். முன்னால் நான், பின்னால் மாப்பிள்ளை. என் தாளத்துக்கு அவர் துடுப்புப் போடணும். இல்லையென்றால் துடுப்போடு துடுப்பு மோதும்.

அண்ணாச்சி: மோதியதா?

வாத்தியார்: துடுப்பில் இல்லை, என் பிடரியில்.

அண்ணாச்சி: ஒரு வார்த்தை கேட்கலையா?

வாத்தியார்: மாப்பிள்ளையை என்ன கேட்க? "பரவாயில்லை, நல்லாத்தான் போடுறீங்க" என்றேன். அதை நம்பி இன்னும் வேகமாகப் போட்டார். அந்த நேரம் பார்த்து எதிரே பெரிய டூரிஸ்ட் படகு. அங்கே வலது ஓரம்தான் ஒதுங்கணும். நான் நம்மூர் ரோடு நினைப்பில் இடதுபக்கம் தள்ள, அவர் வலதுபக்கம் இழுக்க, கயாக் நடு ஆற்றில் குறுக்கே நின்றுவிட்டது. படகுக்காரன் ஹாரன் அடிக்கிறான், மேல்தட்டில் இருந்தவர்கள் போட்டோ எடுக்கிறார்கள்.

அண்ணாச்சி: கவிழ்ந்தீரா?

வாத்தியார்: கவிழலை. கரைக்கு வந்து இறங்குவதுதான் பெரும்பாடு. கால் மரத்துப்போச்சு. ரெண்டு பையன்கள் கக்கத்தில் கைகொடுத்து, சப்பரத்திலிருந்து சாமியை இறக்குகிற மாதிரி இறக்கினார்கள். ஆனாலும் மார்ச்சில் திரும்ப வரச்சொல்லியிருக்கிறார் மாப்பிள்ளை. அயர்லாந்துக்காரர்களின் புனிதர் செயின்ட் பேட்ரிக் திருநாளுக்கு அந்த ஆற்றில் பச்சைச் சாயம் கலப்பார்களாம். 1962-லிருந்து வழக்கம்.

அண்ணாச்சி: ஆற்றில் சாயம் விட்டால் திருநாளா? திருப்பூரில் விட்டதற்கு 2011-இல் சாயப்பட்டறைகளை இழுத்து மூடச் சொன்னதே கோர்ட்டு! திருப்பூர்க்காரனுக்கு ஒரு சாமி பேரைச் சொல்லத் தெரியலை பாரும்.