ஊரடங்கும் ஒன்றரை ஜிபியும்

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது, பெங்களூரு அல்சூரில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டில் புத்தகமும் வீடியோ கேமுமாகப் பொழுதைக் கழித்துவிடலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். இணையக் கடைகள் அத்தியாவசியப் பொருள்களை மட்டுமே அனுப்பலாம் என்ற விதியில் பருப்புக்கு இடமிருந்தது, நாவலுக்கு இல்லை. நூலகமும் பூட்டிக் கிடந்ததால், முன்பே படித்த தொடர்கதை பைண்டிங்கையே மறுபடி புரட்ட வேண்டியதாயிற்று. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

அந்த மே மாதம் 'ஜிடிஏ 5' விளையாட்டை ஒரு வாரத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள்; விழுந்தடித்துக்கொண்டு என் கணக்கில் சேர்த்துவிட்டேன். அதன் அளவோ ஏறத்தாழ 90 ஜிபி, எனக்கு வாய்த்த கைப்பேசித் திட்டமோ நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி! அலுவலக வேலைக்கும் அம்மாவின் வீடியோ அழைப்புக்கும் துளியும் செலவழிக்காமல் இருந்தால்கூட (அம்மாவிடம் இதை யார் சொல்வது?) இரண்டு மாதம் ஆகும். நள்ளிரவில் புதிய ஒதுக்கீடு வரும்வரை விழித்திருந்து பதிவிறக்கத்தை ஓடவிட்டுப் படுத்தால், விடியும்போது அந்தப் பச்சைப் பட்டை நகம் அளவுகூட நகர்ந்திருக்காது. இந்த அழகில், "வீட்டில் சும்மாதானே இருக்கிறாய், இன்னுமா ஆடி முடிக்கவில்லை?" என்று சென்னையிலிருந்து தம்பி கேட்கிறான், அவன் வீட்டில் ஃபைபர் இணைப்பு.