காயம் சாக்கு இல்லை, அதுதான் காரணம்

2020-21 சீசனில் இங்கிலாந்துக் கால்பந்து அணியான லிவர்பூல் சரிந்ததற்குக் காயங்களைக் காரணம் சொல்வது வெறும் சாக்கு என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அக்டோபரில் எவர்ட்டன் அணியுடன் ஆடியபோது தடுப்பாட்டக்காரர் வான் டைக்கின் முழங்கால் போனது. அடுத்த மாதமே ஜோ கோமஸ். ஜனவரி கடைசியில் மாட்டிப். மூன்று முதன்மை சென்டர் பேக்குகளும் (தடுப்பு வரிசையின் நடுவில் ஆடுபவர்கள்) அந்த சீசனில் திரும்பவே இல்லை.

சரி, ஆட்களைப் போட்டு நிரப்பினார்கள். ஆனால் நடுக்கள வீரர்கள் ஃபபின்யோவையும் ஹெண்டர்சனையும் பின்னால் இழுத்ததும் நடுக்களம் காலியாகிவிட்டது. பந்தைப் பறிக்க அங்கே ஆள் இல்லை, எதிரணி நேராகத் தடுப்பு வரிசை மீதே ஓடி வந்தது. வான் டைக் பின்னால் இடது பக்கத்திலிருந்து முன்கள வீரர் சலாவுக்குப் போடும் அந்த நீண்ட பாஸும் போச்சு.

லெஸ்டர் அணியுடன் ஆடிய ஆட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. புதிதாக வந்த தடுப்பாட்டக்காரர் கபாக்கும் கோல்கீப்பர் அலிஸனும் ஒரே பந்துக்குப் போய் மோதிக்கொள்ள, லெஸ்டரின் வார்டி காலி வலைக்குள் தட்டிவிட்டார். திறமைக் குறைவு இல்லை அது, சேர்ந்து ஆடிப் பழகாததுதான். சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் தொடர்ந்து 6 லீக் தோல்விகள்! பார்க்கவே மனசு கேட்கவில்லை.

அப்புறம் ஃபபின்யோ நடுக்களத்துக்குத் திரும்பினார், நாட் ஃபிலிப்ஸ் பின்னால் நின்று வந்த பந்தையெல்லாம் தலையால் முட்டி வெளியே தள்ளினார். கடைசி 10 ஆட்டங்களில் 8 வெற்றி, 2 டிரா, மூன்றாம் இடம். அந்தப் பையனுக்குக் கட்டுரையில் ஒரு வரியாவது கொடுத்திருக்கலாம்.