எல்லாச் சவ்வும் சல்லடை இல்லை

"பாலிமர் சவ்வு ஒரு சல்லடை, சிறிய மீத்தேன் கடந்துபோகும், பெரிய பியூட்டேன் தங்கிவிடும்" என்று வாயுக்களைப் பிரிக்கும் சவ்வைப் பற்றிச் சொல்வது பாலிஇமைடு போன்ற விறைப்பான பாலிமர்களுக்குப் பொதுவாகப் பொருந்தும். சிலிக்கோன் ரப்பரில் நிலைமை நேர்மாறு. அங்கே பியூட்டேன்தான் மீத்தேனைவிடப் பல மடங்கு அதிகமாக ஊடுருவும். ரப்பரில் துளை கிடையாது; வாயு முதலில் அதில் கரைந்து, பரவி, மறுபக்கம் வெளியேறுகிறது. பியூட்டேனின் கொதிநிலை −0.5 டிகிரி செல்சியஸ், மீத்தேனுக்கு −161.5. எளிதில் திரவமாகும் வாயு அதிகம் கரையும். மெதுவாகப் பரவினாலும் கரைதிறன் அதை ஈடுகட்டிவிடும். மீத்தேனிலிருந்து பியூட்டேனைப் பிரிக்கும் இயற்கை எரிவாயு ஆலைக்கு இதுதான் பெரிய ஆதாயம்: மீத்தேனின் பெரும்பகுதி சவ்வைக் கடக்காமல் உயர் அழுத்தப் பக்கத்திலேயே நிற்கும், மறுபடி அழுத்தம் ஏற்றும் செலவு மிச்சம்.

இன்னொன்று: பியூட்டேன் ரப்பரை உப்பவைத்து மீத்தேனுக்கும் வழிவிடும். தனி வாயு அளவீட்டை வைத்துக் கலவைக்குக் கணக்குப் போட்டால், பிரிப்புத்திறன் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.